அப்பத்தாவுக்குப் பாராட்டு மலர்: சிம்மக்கல் பக்கத்து அச்சகம் எப்படி?

ஊரில் ஒரு மூத்தவருக்கு விழா எடுக்க நினைத்து, மலர் போடலாமா, மதுரையில் யாரிடம் கொடுப்பது, எவ்வளவு ஆகும் என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிம்மக்கல் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிற சின்ன அச்சகத்தில்தான் எங்கள் ஊர் அப்பத்தாவுக்கு மலர் போட்டோம். கடைப் பெயரைப் போட வேண்டாம் என்று உரிமையாளர் அண்ணனே கேட்டுக்கொண்டார், முகூர்த்த மாதங்களில் கல்யாணப் பத்திரிகை வேலையே அவருக்குத் தலைக்கு மேல் இருக்கிறது, கூட்டம் கூடினால் மலர் வேலையை நிதானமாகச் செய்ய முடியாது என்றார். உண்மையிலேயே தேவைப்படுகிறவர்கள் கேளுங்கள், தனியாகச் சொல்கிறேன். சுருக்கமாகச் சொன்னால் வேலை அருமை, நேரம் இழுக்கும், பைண்டிங்கில் ஒரு தடவை சண்டை போட வேண்டி வந்தது. இன்னொரு மலர் போட்டாலும் அங்கேதான் போவேன்.

மலர் யாருக்கு என்று சொன்னால்தான் வேலையின் அளவு புரியும். எங்கள் ஊர் மேலூர்ப் பக்கம். ஊரே அவரை அப்பத்தா என்றுதான் கூப்பிடும், எனக்கும் பேரன் முறை என்பதைத் தவிர நேரடிச் சொந்தம் கிடையாது. 84 வயது. ஐம்பது வயதுவரை கைநாட்டு. 1990களின் தொடக்கத்தில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் எங்கள் பக்கம் வந்தபோது, களையெடுத்துவிட்டு வந்த கையோடு ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தவர். கூடப் படித்தவர்கள் பலர் கையெழுத்துப் போடத் தெரிந்ததும் நின்றுகொண்டார்கள், அப்பத்தா மட்டும் அடுத்த வேலையாக மனு எழுத உட்கார்ந்துவிட்டார். முதல் மனு கண்மாய் வரத்துக்காலை மறித்து யாரோ கொட்டிய மண்ணைப் பற்றி. எங்கள் பக்கம் பெரியாறு பாசனத்தில் ஒரு போகம்தான், அதுவும் கடைமடைக்குத் தண்ணீர் வருகிற வருடம் வரும், வராத வருடம் வராது. ஆகவே மழைத் தண்ணீர் வந்து சேர்கிற வரத்துக்கால் அடைந்தால் ஊருக்குச் சோறு இல்லை.

அதற்கப்புறம் எத்தனையோ. மயானத்துக்குப் பாதை, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருந்த சாராயக் கடை, நூறு நாள் வேலையில் குறைத்துக் கொடுத்த கூலி, கல்குவாரித் தூசியில் மூச்சு வாங்கிய குழந்தைகள், முதியோர் பென்ஷன் நின்றுபோன கிழவிகள். 2004 ஜூலையில் உயர் நீதிமன்றக் கிளை மதுரையில் திறக்கும்வரை ஹைகோர்ட்டு என்றால் சென்னை, அதனால் அதுவரை அவருக்கு மனுதான் ஆயுதம். கிளை வந்த பிறகு கண்மாய் ஆக்கிரமிப்பு விஷயத்தை அங்கேயும் கொண்டுபோனார், கட்டணம் வாங்காமல் நடத்திக் கொடுத்த வழக்கறிஞர் மலரில் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். 2005 அக்டோபரில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி 30 நாளில் பதில் கேட்கலாம் என்று யாரோ சொல்ல, அந்தப் 10 ரூபாயை அவர் பயன்படுத்தியது மாதிரி இந்த வட்டாரத்தில் வேறு யாரும் பயன்படுத்தியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்து அரிட்டாபட்டி, மேலூர் வட்டாரமே கொதித்தபோது, அப்பத்தாவால் நடக்க முடியவில்லை, ஆனால் கிராம சபைத் தீர்மானத்தில் எந்த வாசகம் இருக்க வேண்டும் என்று பையன்களை உட்காரவைத்துச் சொன்னது அவர்தான். 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது என்று செய்தி வந்த ராத்திரி எங்கள் ஊரில் வெடி போட்டார்கள். அப்பத்தா அந்த உத்தரவின் நகல் வேண்டும் என்று கேட்டார்.

நம் மாவட்டத்தில் களஞ்சியம் என்ற பெண்கள் சுய உதவிக் குழு இயக்கத்தின் சின்னப்பிள்ளை அம்மாவைத் தெரியாதவர்கள் இல்லை. அழகர்கோயில் பக்கத்துப் புல்லுச்சேரியிலிருந்து போய் டில்லியில் விருது வாங்கியபோது பிரதமர் வாஜ்பாயே அவர் காலைத் தொட்டு வணங்கினார், பிறகு 2019-இல் பத்மஸ்ரீயும் வந்தது. நிலமில்லாதவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மாவுக்கு 2020-இல் பத்மபூஷண். இரண்டும் நமக்குப் பெருமை. ஆனால் ஊருக்கு ஒருவராவது இப்படி வாழ்நாள் முழுக்க ஓடியவர் இருக்கிறார், அவர்களுக்கெல்லாம் டில்லியிலிருந்து எதுவும் வராது, நாம்தான் செய்ய வேண்டும். செய்யும்போது என்ன செய்கிறோம்? ஒரு பொன்னாடை, ஒரு ஷீல்டு, மேடையில் பத்துப் பேர் பேச்சு, மத்தியானம் சாப்பாடு. பொன்னாடை பீரோவுக்குள் போகும், ஷீல்டு டிவி மேலே ஏறும். அவர் என்ன செய்தார், எப்படிச் செய்தார் என்பது அவரோடேயே போய்விடும். எனக்கு இதில் ரொம்ப நாளாகவே ஆதங்கம் உண்டு.

எங்கள் விழாக் குழுவில் இதைப் பற்றித்தான் பெரிய வாக்குவாதம். மலர் என்றாலே பலருக்கு ஒரு படம் மனதில் இருக்கிறது, முன்னால் முப்பது பக்கம் வாழ்த்துரை, பின்னால் நாற்பது பக்கம் நகைக்கடை, ஜவுளிக்கடை விளம்பரம், நடுவில் ஒரு வாழ்க்கைக் குறிப்பு. அப்படியென்றால் வேண்டாம் என்று சிலர். அப்போதுதான் அப்பத்தாவின் மருமகள் அந்த டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டினார். மனுக்களின் கார்பன் நகல், பதிவுத் தபால் ரசீது, கையெழுத்தாகித் திரும்பி வந்த ஒப்புகை அட்டைகள், தகவல் சட்டத்தில் வந்த பதில்கள், கண்மாயின் அ-பதிவேட்டு (சர்வே எண்ணும் பரப்பும் இருக்கிற வருவாய்த் துறைப் பதிவேடு) நகல், புல வரைபடம், போராட்ட நோட்டீஸ், பேப்பர் கட்டிங். முப்பது வருடத்துக்கு மேலான ஊர் வரலாறு ஒரு பெட்டியில். அதைத்தான் மலராகப் போட வேண்டும் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. (பதிவுத் தபாலையே 2025-இல் விரைவுத் தபாலோடு இணைத்துவிட்டார்கள்.)

சரி, அச்சகத்துக்கு வருகிறேன். இரண்டு மூன்று இடங்களில் விசாரித்தோம். ஒரு இடத்தில் பெட்டியைத் திறந்து பார்க்கக்கூட இல்லை, பக்கம் எத்தனை, பிரதி எத்தனை என்று கேட்டு விலை சொன்னார்கள். இன்னொரு இடத்தில் "இதெல்லாம் படிக்கிற மாதிரி இல்லையே, எல்லாத்தையும் டைப் அடிச்சுப் போட்டுருங்க" என்றார்கள். சிம்மக்கல் அண்ணன் பெட்டியை மேசையில் வைக்கச் சொன்னார், கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்த்தார், பிறகு கேட்ட முதல் கேள்வி: "இதை யாரு படிப்பாங்க? விழாவுக்கு வர்றவங்களா, நாளைக்கு மனு எழுதப் போறவங்களா?" அந்தக் கேள்விக்காகவே அவரிடம் கொடுத்துவிட்டோம்.

அந்தக் கேள்வியிலிருந்துதான் மற்ற எல்லாமே வந்தது. நாங்கள் சாதாரணப் புத்தக அளவான டெம்மி 1/8 போதும், செலவு குறையும் என்று நினைத்துப் போயிருந்தோம். அந்த அளவில் ஃபுல்ஸ்கேப் மனுவைச் சுருக்கினால் எழுத்து எறும்பாகிவிடும், அதைவிடப் பெரிய கிரௌன் 1/4 போடுங்கள், அதில் முழு மனுவும் ஒரே பக்கத்தில் படிக்கிற மாதிரி வரும் என்றார். ஒரு பழைய மலரை எடுத்து, ஒரு மனுவை இரண்டு அளவிலும் பிரின்ட் எடுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கிரௌன் 1/4-இல் ஒரு ஃபாரத்துக்கு, அதாவது ஒரே தாளில் அச்சடித்து மடிக்கிற கட்டுக்கு, 8 பக்கம், ஆகவே மொத்தப் பக்கம் எட்டின் மடங்கில் வரவேண்டும், இல்லாவிட்டால் கடைசியில் வெற்றுத்தாள் விழும் அல்லது தாள் வீணாகும். எங்களுக்கு 160 பக்கம், அதாவது 20 ஃபாரம். 144 பக்கம் கறுப்பு வெள்ளை, 80 ஜி.எஸ்.எம். (தாளின் கனம்) மேப்லித்தோ, அதாவது பளபளப்பில்லாத சாதாரணப் புத்தகத் தாள். 16 பக்கம் மட்டும் கலர், 130 ஜி.எஸ்.எம். வழவழப்பான ஆர்ட் பேப்பர், அதில் புகைப்படங்களும் முதல் சில கையெழுத்து மனுக்களும். வழவழப்பான தாளிலேயே முழுசும் போடலாமே என்று குழுவில் ஒருவர் கேட்டதற்கு, வேண்டாம், கனம் கூடும், விளக்கு வெளிச்சத்தில் பளபளத்து வயதானவர்களுக்குக் கண் கூசும், பேனாவால் ஓரத்தில் குறிப்பு எழுதவும் முடியாது என்றார். தன் வருமானத்தைக் குறைத்துக்கொண்டு சொன்ன யோசனை.

ஸ்கேன் வேலையைப் பற்றி விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் மலரின் உயிரே அதுதான். மனுவின் மூலப் பிரதி அலுவலகத்துக்குப் போய்விடும், நம்மிடம் இருப்பது நீலக் கார்பன் நகல். முப்பது வருடத்தில் தாள் மஞ்சளாகி, மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்து அழிந்துபோயிருக்கிறது. சாதாரணமாகக் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தால் வெளிறிய எழுத்து முழுக்கக் காணாமல் போய், மடிப்பு மட்டும் பட்டைக் கோடாக வரும். இங்கே டிசைன் செய்கிற அக்கா எல்லாத் தாளையும் கலரில் 600 டி.பி.ஐ.-யில் எடுத்தார், பிறகு தாளின் மஞ்சளைக் குறைத்து நீலத்தை மட்டும் தூக்கிக் காட்டினார், கண்ணுக்கே தெரியாத இரண்டு வரிகள் திரையில் தெரிந்தபோது அப்பத்தாவின் மருமகள் அழுதேவிட்டார். பேப்பர் கட்டிங்கில் வேறு பிரச்சினை. பத்திரிகைப் படம் சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது, அதை அப்படியே ஸ்கேன் செய்து மறுபடி அச்சடித்தால் புள்ளியும் புள்ளியும் மோதிப் படம் முழுக்க அலை அலையாகக் கோடு விழும். அதைக் கொஞ்சம் மங்கலாக்கி, பிறகு கூர்மையாக்கிச் சரிசெய்தார்கள். முகங்கள் அடையாளம் தெரிகிறது, அதுதான் முக்கியம், அந்தப் படத்தில் இருக்கிற பெண்களில் பலர் இப்போது இல்லை.

தாள்களைத் தொட்ட விதமும் பிடித்தது. ஒரு தாள்கூடப் பெட்டியில் இருந்த வரிசை மாறாமல் திருப்பிக் கொடுத்தார்கள். ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்திருந்த இடங்களில் பிய்க்காமல், நகத்தால் மெதுவாக நிமிர்த்தி எடுத்தார்கள். மூலத் தாள்களைக் கடையில் ராத்திரி வைக்க அண்ணன் சம்மதிக்கவில்லை, மழை வந்தால் ஒழுகும் என்று வெளிப்படையாகவே சொல்லி, அன்றன்றைக்கு ஸ்கேன் முடிந்ததை அன்றன்றைக்கே எடுத்துப்போகச் சொன்னார்.

எழுத்துப் பிழை விஷயம் ஒன்று. அப்பத்தாவின் ஆரம்ப கால மனுக்களில் ர, ற மாறி வரும், புள்ளி இருக்காது, சில இடத்தில் பேசுகிற மாதிரியே எழுதியிருப்பார். டைப் அடிக்கிற பக்கத்தில் திருத்திப் போடலாமா என்று அக்கா கேட்டார், கேட்டது சரிதான், அவராகத் திருத்தியிருந்தால்தான் வருத்தம். அப்பத்தாவிடமே போனில் கேட்டோம். "நான் எழுதுனதை அப்படியே போடுங்க. இம்புட்டுத் தப்போட எழுதுன மனுவுக்கே தாசில்தார் பதில் போட்டாருன்னு நம்ம புள்ளைக தெரிஞ்சுக்கிறட்டும்" என்றார். ஆகவே இடது பக்கம் கையெழுத்து மனுவின் படம், வலது பக்கம் அதே வரிகள் பிழையோடு அச்சில், கீழே சின்ன எழுத்தில் அந்த மனுவுக்கு என்ன பதில் வந்தது, எப்போது வந்தது, வரவில்லையென்றால் வரவில்லை என்று. இந்த அமைப்பு முழுக்க அச்சகத்தாரின் யோசனை. விழா மலர்களில் இப்படி ஒரு அமைப்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் பெயர்கள். ஆக்கிரமிப்பு மனு என்றால் ஆக்கிரமித்தவர் பெயர் இருக்கும். சிலர் இறந்துவிட்டார்கள், அவர்கள் பிள்ளைகள் ஊரில் இருக்கிறார்கள், அதில் ஒருவர் விழாவுக்கு நன்கொடையும் கொடுத்திருக்கிறார். எங்கள் குழுவில் யாருக்கும் இது உறைக்கவே இல்லை, புரூஃப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன்தான் பக்கத்தை நிறுத்தி, "இந்தப் பேரெல்லாம் அப்படியே போகணுமா, யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். அப்பத்தாவிடம் கொண்டுபோனபோது அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அவன் மகன்தான் இப்ப மடையைப் பாத்துக்கிறான். பேரை அடிச்சிரு. சர்வே நம்பரை மட்டும் விட்டுரு, அது ஊரு சொத்து." அதன்படி பெயர்கள், ஆதார் எண், போன் எண் எல்லாவற்றையும் படத்திலேயே மறைத்துவிட்டார்கள், சர்வே எண்ணும் பரப்பும் தேதியும் பளிச்சென்று இருக்கிறது. நீங்கள் எங்கே மலர் போட்டாலும் இந்த வேலையைச் செய்யுங்கள், பழைய பகையை அச்சடித்துக் கொடுக்கிற மலராக ஆகிவிடக் கூடாது.

குறைகளையும் சொல்கிறேன். முதலாவது நேரம். சொன்ன நாளில் எதுவும் நடக்காது. நடுவில் முகூர்த்த நாட்கள் வந்துவிட்டால் நம் வேலை ஓரமாகப் போய்விடும், போன் செய்தால் எடுப்பார், நாளைக்கு என்பார். இரண்டாவது எழுத்துரு. கட்டுரைகளை நாம் செல்போனில் யூனிகோடில் டைப் அடித்து அனுப்புகிறோம், அவர்கள் பழைய தமிழ் எழுத்துருவுக்கு மாற்றித்தான் பக்கம் கட்டுகிறார்கள், மாற்றும்போது கொம்பும் காலும் பிரிந்து கொ, சொ எல்லாம் கலைந்துவிடுகிறது, ஸ்ரீ இருந்த இடத்தில் கட்டம் வருகிறது. ஆகவே புரூஃபை மேலோட்டமாகப் பார்த்து ஓகே சொல்லாதீர்கள், தாளில் பிரின்ட் வாங்கி, கட்டுரை எழுதாத ஒருவரிடம் கொடுத்து ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொல்லுங்கள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத் தமிழ் ஆசிரியை ஒருவர் இந்த வேலையைப் பொறுமையாகச் செய்து கொடுத்தார், அவர் இல்லாவிட்டால் பல பிழைகள் அச்சேறியிருக்கும்.

மூன்றாவதுதான் பெரிய குறை, பைண்டிங். செக்‌ஷன் தையல் (ஒவ்வொரு ஃபாரத்தையும் மடிப்பில் நூலால் தைத்துக் கோப்பது) என்று பேசி, ரசீதிலும் எழுதி வாங்கியிருந்தோம். பக்கத்தைத் தட்டையாக விரித்து ஜெராக்ஸ் எடுக்க முடிய வேண்டும், அதற்குத் தையல் தேவை, வெறும் பசை போட்டு ஒட்டினால் இரண்டு தடவை விரித்தாலே முதுகு விட்டுப்போகும். பைண்டிங்கை இவர்கள் வெளியே ஒரு இடத்தில் கொடுக்கிறார்கள், அங்கே அவசரத்தில் முதல் கட்டு முழுக்கப் பசை மட்டும் போட்டு அனுப்பிவிட்டார்கள். கையில் எடுத்து விரித்ததும் கலர்ப் பக்கங்கள் கழன்று வந்தன. விழாவுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான், கோபம் தலைக்கேறிவிட்டது, நிறையவே பேசினோம். அண்ணன் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, அத்தனையையும் திருப்பி எடுத்துக்கொண்டார், அட்டையைப் பிரித்து, கலர் ஃபாரங்களைத் திரும்ப அச்சடித்து, மறுபடி தைத்துக் கொடுத்தார், அதற்குத் தனியாக ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. விழாவுக்குத் தேவையான பிரதிகள் முதல் நாள் ராத்திரி வந்தன, மீதி பிறகு. பைண்டிங் வெளியே போகிறது என்பதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், அது அவர் பக்கத்துக் குறைதான்.

செலவு: 300 பிரதிக்கு, அட்டை மேட் லேமினேஷன் உட்பட, பிரதிக்குச் சுமார் 220 ரூபாய் வந்தது. ஸ்கேன், டைப், பக்க அமைப்பு தனி, அது சுமார் 14,000. விளம்பரம் ஒன்றுகூட வாங்கவில்லை, ஊரில் தலைக்கட்டு வரி மாதிரி பிரித்தோம், வெளியூரில் வேலை பார்க்கும் பையன்கள் மீதியைப் போட்டார்கள். பாதிப் பணம் முன்பணம், மீதி பைண்டிங் முடிந்து பார்த்த பிறகு. குறைந்த பிரதி போதும் என்றால் டிஜிட்டல் பிரின்டில் 50, 100 கூடப் போட்டுத் தருகிறார்கள், ஒரு பிரதியின் விலை கூடுதலாகும், ஆனால் பிளேட் செலவு கிடையாது.

விழாவை ஜனவரி 26 கிராம சபை முடிந்த கையோடு பள்ளிக்கூட வளாகத்திலேயே வைத்தோம். பொன்னாடை வேண்டாம் என்று நோட்டீஸிலேயே போட்டிருந்தோம், கொண்டுவர நினைத்தவர்கள் பள்ளி நூலகத்துக்குப் புத்தகம் கொண்டுவந்தார்கள். பேச்சைக் குறைத்து, ஆளுக்கு ஒரு மனுவை மலரிலிருந்து வாசிக்கச் சொன்னோம், ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று மயானப் பாதை மனுவைப் பிழையோடு அப்படியே வாசித்தபோது அப்பத்தா முன் வரிசையில் உட்கார்ந்து கூடவே முணுமுணுத்துக்கொண்டிருந்தார், ஒரு வரிகூட மறக்கவில்லை. ஏற்புரை ரொம்பச் சின்னது. பதில் வராத மனு இன்னும் இருக்கிறது, பக்க நம்பர் உள்ளே போட்டிருக்கிறது, யார் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். நாலு பேர் கை தூக்கினார்கள்.

மலர் வேலைக்கு விழாத் தேதியிலிருந்து மூன்று மாதமாவது முன்னால் போங்கள், சித்திரைத் திருவிழாவை ஒட்டியும் தை, வைகாசி முகூர்த்தங்களிலும் கொடுக்காதீர்கள். தாள்களைத் தேதி வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போனால் அக்காவுக்கு வேலை பாதியாகும். மூத்தவரை உட்காரவைத்து ஒவ்வொரு தாளின் கதையையும் செல்போனில் பதிவு செய்துவிடுங்கள், அதை முதலில் செய்யுங்கள், அச்சு வேலை காத்திருக்கும். முடிந்ததும் பி.டி.எஃப். கோப்பைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள், எங்களுக்குக் கேட்காமலே பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார்கள். கண்மாயின் அ-பதிவேடும் புல வரைபடமும் இருக்கிற பக்கங்களை மட்டும் தனித் தாளாக 50 பிரதி கேட்டிருக்கிறோம், அடுத்த திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்குக் கலெக்டர் அலுவலகம் போகும்போது மனுவோடு இணைக்க. வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார், நான் வியாழக்கிழமையே போன் செய்வேன்.